ஃபெம்டோ விநாடியில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பதிவு செய்யும் கேமராக்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளுக்கு வந்துவிட்டன. இன்னும் வேகமான கேமரா வந்தால் அணுக்களின் அசைவை நேரடியாகவே பார்த்துவிடலாம் அல்லவா?

பார்க்க முடியாது. கேமராவை எவ்வளவு வேகப்படுத்தினாலும், அது பதிவு செய்வதற்கு எலெக்ட்ரான்கள் வந்து சேர வேண்டும். எலெக்ட்ரான்களை மெல்லிய மாதிரியின் ஊடே செலுத்திப் படமெடுக்கும் ஊடுருவல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மாதிரியின் மீது விழும் கற்றையின் மின்னோட்டம் 1 நானோ ஆம்பியர் என்று கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 600 கோடி எலெக்ட்ரான்கள் வருகின்றன. கேட்கும்போது இது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு எலெக்ட்ரான்களுக்கு இடையே சராசரியாக 160 பிக்கோ விநாடி (ஒரு பிக்கோ விநாடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளி இருக்கிறது என்பதே இதன் பொருள். 200 கிலோ வோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான், ஒளியின் வேகத்தில் சுமார் 70 விழுக்காட்டு வேகத்தில் செல்வதால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான தூரம் 3 சென்டிமீட்டருக்கும் அதிகம். மாதிரியின் தடிமனோ பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் குறைவு. ஆகவே, பெரும்பாலான நேரம் மாதிரிக்குள் ஓர் எலெக்ட்ரான்கூட இருப்பதில்லை. படிகத்தில் அணு ஒருமுறை அதிர ஒரு பிக்கோ விநாடி அல்லது அதற்கும் குறைவான நேரமே ஆகும் என்பதால், இரண்டு எலெக்ட்ரான்கள் வருவதற்கிடையே நூற்றுக்கும் மேற்பட்ட அதிர்வுகள் நடந்து முடிந்துவிடுகின்றன.

கேள்வி: அப்படியானால், ஃபெம்டோ விநாடி (பிக்கோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் எடுத்ததாகச் சொல்லப்படும் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன?

ஒரே நிகழ்வை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நிகழ்த்தி எடுக்கப்படுகின்றன. பழைய பெட்ரோல் இன்ஜின்களைச் சரிபார்க்கும் மெக்கானிக், டைமிங் லைட்டின் மின்னல் ஒளியில் சுழலும் கப்பியின் குறியை நின்றதுபோலக் காண்பாரே, அதே உத்திதான். மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் லேசர் ஒளித் துடிப்பு ஒன்று இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதி மாதிரியைத் தாக்கி நிகழ்வைத் தொடங்கிவைக்கும். மற்றொரு பகுதி புற ஊதா ஒளியாக மாற்றப்பட்டு, நுண்ணோக்கியில் எலெக்ட்ரான்களின் பிறப்பிடமான கேத்தோடிலிருந்து அவற்றை வெளியேற்றும். இரண்டுக்கும் இடையிலான தாமதத்தை நகரும் கண்ணாடி ஒன்று தீர்மானிக்கிறது. ஒளி போய்த் திரும்புவதால், கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் தாமதம் 1 பிக்கோ விநாடி மாறும்.

அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் அகமது செவைலின் குழு இந்த முறையை வளர்த்தபோது, துடிப்புக்குச் சராசரியாக ஓர் எலெக்ட்ரான் போதும் என்று முடிவு செய்ததுதான் திருப்புமுனை. ஒரே துடிப்பில் பல எலெக்ட்ரான்களை அடைத்தால், அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, துடிப்பை நீளச் செய்துவிடும். தனி எலெக்ட்ரானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம். நொடிக்கு 2 லட்சம் துடிப்புகள் என்றால், ஒரு படத்துக்கு வேண்டிய 1 கோடி எலெக்ட்ரான்கள் சேர 50 நொடிகள் ஆகும். வழியில் பெரும்பகுதி இழக்கப்படுவதால், நடைமுறையில் பல நிமிடங்கள்கூட ஆகலாம். நூறு தாமதங்களில் படம் எடுக்க வேண்டுமென்றால், மாதிரி மெல்ல நகராமலும் லேசர்ப் புள்ளி கேத்தோடிலிருந்து விலகாமலும் மணிக்கணக்கில் காக்க வேண்டியிருக்கும். இத்துறையில் திறமை என்பது பாதிக்கு மேல் இந்தக் காவல்தான் என்பது என் கருத்து.

லேசர் துடிப்பு சில பத்து ஃபெம்டோ விநாடிகளே நீடித்தாலும், கேத்தோடை விட்டுப் புறப்படும் எலெக்ட்ரான்களின் ஆற்றலில் சிறு வேறுபாடுகள் இருப்பதால், மாதிரியை அடையும்போது அது சில நூறு ஃபெம்டோ விநாடிகளாக விரிந்துவிடுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிளாஸ் ரோப்பர்ஸின் குழு ஊசிமுனைக் கேத்தோடுகளைப் பயன்படுத்தி 200 ஃபெம்டோ விநாடி அளவை எட்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் மாதிரி இரண்டு துடிப்புகளுக்கிடையே பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதை எப்படி உறுதி செய்வது?

நொடிக்கு 2 லட்சம் துடிப்புகள் என்றால், மாதிரி குளிர்வதற்குக் கிடைப்பது 5 மைக்ரோ விநாடிதான். மெல்லிய படலத்திலிருந்து வெப்பம் பக்கவாட்டில் மட்டுமே வெளியேற முடியும் என்பதால், இது பல சமயங்களில் போதாது. துடிப்பு வீதத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முடிவு மாறினால், மாதிரி முழுமையாக மீளவில்லை. லேசர் மாதிரியை அடைவதற்கு முந்தைய தாமதத்தில் எடுத்த படத்தையும், லேசரே இல்லாமல் எடுத்த படத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத தரவை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: நாங்கள் ஆராயும் பொருள் ஒருமுறை உருகிப் படிகமானால் அதே நிலைக்குத் திரும்பாது. எங்களுக்கு வழி உண்டா?

உண்டு. ஒரே துடிப்பில் முழுப் படத்தையும் எடுக்கும் முறையை பெர்லினில் ஓலெக் போஸ்தான்யோக்லோ பல ஆண்டுகள் வளர்த்தார். பின்னர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் அதை மேம்படுத்தியது. அங்கே ஒரு துடிப்பு சுமார் 15 நானோ விநாடி நீடிக்கும். அதற்குள் கோடிக்கணக்கான எலெக்ட்ரான்கள் செல்லும். அவற்றின் பரஸ்பர விலக்கமே, துடிப்பை இதைவிட மிகவும் சுருக்க விடாமல் தடுக்கிறது. ஆனால் உங்கள் தேவைக்கு இது குறையாகாது. படிகமாகும் எல்லை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 15 நானோ விநாடியில் அது 15 நானோமீட்டர்தான் நகரும். நீங்கள் காண விரும்புவது அந்த எல்லையின் வடிவமும் வேகமும் என்றால், படத்தின் கூர்மை அதற்குப் போதும்.

கேள்வி: அட்டோ விநாடி (ஃபெம்டோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்துவிட்டதாகப் படித்தேன். எலெக்ட்ரான்களின் அசைவையே படம் பிடித்துவிட்டார்களா?

எதை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 2009 இல் செவைலின் குழு, ஒளியின் அண்மைப் புலத்தை, அதாவது பொருளின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கும் ஒளிப் புலத்தை, கடந்து செல்லும் எலெக்ட்ரான் ஒளித்துகள்களை ஏற்றோ வெளியிட்டோ ஆற்றல் மாறுவதைக் காட்டியது. ஒளி இருந்த கணத்தில் சென்ற எலெக்ட்ரான்களை மட்டும் ஆற்றலைக் கொண்டு பிரித்தெடுக்க இதனால் வழி பிறந்தது. ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸில் பீட்டர் பாமின் குழு, லேசரைக் கொண்டு எலெக்ட்ரான் கற்றையை அட்டோ விநாடித் துடிப்புகளின் தொடராக மாற்றி, ஒளி அலையின் ஒரு சுழற்சிக்குள் அண்மைப் புலம் மாறுவதைப் படமாக்கியது. அரிசோனாவில் முகமது ஹசனின் குழு 2024 இல் 625 அட்டோ விநாடி அளவை எட்டியதாக அறிவித்து, ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீனில் எலெக்ட்ரான்கள் சிதறுவதால் கிடைத்த விளிம்பு விளைவு வடிவத்தின் மாற்றத்தைப் பதிவு செய்தது. இவை பெரிய சாதனைகளே. ஆயினும் இங்கே காணப்படுவது ஒளிப் புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினையே தவிர, தனியோர் எலெக்ட்ரான் நகரும் திரைப்படம் அல்ல.

கேள்வி: புரதங்களுக்கு இம்முறை பயன்படுமா?

கதிர்வீச்சைத் தாங்காத புரதத்தின் மீது லட்சக்கணக்கான துடிப்புகளைச் செலுத்த முடியாது. சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிக் லோரென்ஸின் குழு வேறு வழியைக் கையாள்கிறது: உறைந்த மாதிரியை லேசரால் சில பத்து மைக்ரோ விநாடிகள் உருகச் செய்து, புரதத்தை அசையவிட்டு, லேசர் நின்றதும் அது மீண்டும் உறைந்தபின் வழக்கமான முறையில் படமெடுக்கிறார்கள். புரதங்களின் பெரிய அசைவுகளுக்கு அந்தக் கால அளவே பொருத்தமானது.

கேள்வி: லேசர் வாங்க வசதியில்லை. இருக்கும் நுண்ணோக்கியிலேயே ஏதேனும் செய்ய முடியுமா?

மாதிரியை உயர் அதிர்வெண் மின்சமிக்ஞையால் இயக்க முடியுமானால், செய்யலாம். நெதர்லாந்தின் ஐந்தோவனில் உருவாக்கப்பட்டதுபோன்ற நுண்ணலைக் குழிவுகளை (நுண்ணலைப் புலத்தால் கற்றையை விலக்கும் உலோகக் கூடுகளை) கற்றையின் பாதையில் பொருத்தி, தொடர்ந்து வரும் கற்றையைத் துண்டு துண்டாக வெட்டினால், பிக்கோ விநாடி அளவிலான துடிப்புகள் கிடைக்கும். காந்தப் பொருள்களுக்குள் காந்தத்தன்மை சுழல்போல் அமையும் காந்தச் சுழல்களின் அசைவை ஆராய இதுவே போதும்.