இரண்டாவது கியரில் நின்றுவிட்ட பென்ஸ்: கியர் பாக்ஸை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: 2005 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் ஈ220 சிடிஐ காரைப் போன வருடம் நான்கு லட்சத்துக்கு வாங்கினேன். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். சின்ன வேலைகளை நானே செய்துகொள்வேன். ஒரு மாதமாக, கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி இழுவை குறைந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்கே இரைகிறது, கியர் மாறுவதில்லை. நிறுத்தி ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் "கியர் பாக்ஸ் போச்சு, பழசு ஒன்று இரண்டு லட்சத்துக்குப் போட்டுத் தருகிறேன்" என்கிறார். புரோக்கர் ஒருவர், 20 வருட வண்டிக்கு இனி ஆர்.சி. கிடைக்காது, 80,000 ரூபாய்க்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்? — ஈரோடு வாசகர்

பதில்: இரண்டு பேருக்கும் இப்போதைக்குப் பிடி கொடுக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: "ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது." உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்த கியர் பாக்ஸ், சாவியைத் திருப்பியதும் குணமாகிவிடாது. தேய்ந்திருந்தால் இன்ஜின் இரையும், வண்டி நகராது, கருகிய வாடை வரும். உங்களுக்கு நடப்பது வேறு. கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு தகவல் தப்பாக வந்ததும் பயந்துகொண்டு இரண்டாவது கியரில் பூட்டிக்கொள்கிறது. எப்படியாவது வீடு போய்ச் சேருங்கள் என்பதுதான் அதன் எண்ணம். பெரும்பாலும் இது வயர், சென்சார் சமாச்சாரம்.

முதலில் பேட்டரி. சிரிக்காதீர்கள். வோல்டேஜ் குறைந்தால் இந்தக் காலத்து ஜெர்மன் கார்கள் இல்லாத வியாதியெல்லாம் சொல்லும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம். உங்கள் மாடலில் பேட்டரி இரண்டு: டிக்கியில் பெரியது, பானட்டுக்குள் சின்னது. இரண்டையும் பாருங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்து ஸ்கேனர். ஆன்லைனில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் இன்ஜின் கோளாறை மட்டும்தான் வாசிக்கும், கியர் பாக்ஸோடு பேசாது. பென்ஸுக்கென்று உள்ள ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போய் கியர் பாக்ஸ் கோளாறுகளை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீடு சென்சார் என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், நான் சொன்ன வயர், சென்சார் சமாச்சாரம்தான்.

உங்கள் கியர் பாக்ஸின் குடும்பப் பெயர் 722.6. இதில் ஒரு பழைய, பிரசித்தி பெற்ற நோய் உண்டு. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் 13 பின் கொண்ட வட்டமான கனெக்டர் ஒன்று சொருகியிருக்கும். அது உட்காரும் பிளாஸ்டிக் புஷ்ஷில் இரண்டு ஓரிங். வருடக்கணக்கில் சூடு பட்டு அந்த ரப்பர் காய்ந்துபோனதும் ஆயில் கசிந்து கனெக்டருக்குள் நிறையும். அதோடு நிற்காது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி வயருக்குள்ளேயே ஏறி கம்ப்யூட்டர் வரை போகும். இந்தப் புஷ்ஷின் நம்பர் ஏ 203 540 02 53. கியர் பாக்ஸுக்குக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சில்லறைக் காசு.

இதை நீங்களே மாற்றலாம். வண்டியைச் சமதளத்தில் தூக்கி, கண்டிப்பாக ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை), சாவியை எடுத்துவிட்டு, வண்டி ஆறிய பிறகு இறங்குங்கள். கனெக்டரின் வளையத்தை இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும். உள்ளே ஈரமாக இருந்தால் திருடன் அகப்பட்டான். நடுவில் இருக்கும் 7 எம்.எம். போல்ட்டைக் கழற்றி, பழைய புஷ்ஷை நேராக இழுங்கள். கொஞ்சம் ஆயில் ஒழுகும், தட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்களை பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள், எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் போதும். வயரின் மறுமுனையில், கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். அங்கேயும் ஆயில் இருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். இதற்குப் பிறகும் பூட்டிக்கொண்டால், கியர் பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பானுக்குள் இருக்கும் சென்சார் பலகையை மாற்ற வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஏழு கியர் வண்டிக்காரர்கள் இதைப் படித்துக்கொண்டு படுக்க வேண்டாம், அது வேறு ஜாதகம்.

கையோடு கியர் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். "இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்" என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். கம்பெனியே ஆரம்பத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, பிறகு 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொன்னது. இங்கே பல ஒர்க்‌ஷாப்புகளுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்திருக்கிறது. டப்பாவில் 236.14 என்ற அங்கீகார எண் இருக்க வேண்டும், "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" ரகம் வேண்டாம். வெளியே வந்த ஆயிலை அளந்து வைத்து, ஒழுகியதையும் சேர்த்து அதே அளவு ஊற்றுங்கள். இதில் நிரந்தர டிப்ஸ்டிக் கிடையாது. தனியாக ஒரு அளவுக் குச்சி வாங்கி, ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது, இன்ஜின் ஓட, கியரை 'பி'யில் (பார்க்) வைத்து அளவைச் சரிபார்க்க வேண்டும். வடியும் ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் உள்ளே உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அந்த இரண்டு லட்சம். டெல்லி மாயாபுரியிலோ நம் புதுப்பேட்டையிலோ கழற்றிய கியர் பாக்ஸைக் கழுவி, சில்வர் பெயின்ட் அடித்து, "ரீகண்டிஷன்" என்று விற்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. சரியாகப் பழுது பார்த்தது என்றால், உள்ளே மாற்றிய பொருட்களுக்குப் பில் இருக்கும். பில் கேட்டுப் பாருங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் கியர் பாக்ஸை மாற்றினார்கள், பழைய ஈரக் கனெக்டரை அப்படியே சொருகினார்கள். மூன்றே வாரத்தில் அதே இரண்டாவது கியர். கழற்றிய பழைய கியர் பாக்ஸோ அதற்குள் இன்னொருவர் வண்டியில் ஏறி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன்: உங்கள் வண்டியின் பிரேக்கை நீங்கள் தொடக்கூடாது. வண்டியைத் தூக்கித்தான் வைத்திருக்கிறோம், சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடையும் மாற்றிவிடலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். 2006 நடுவில் வந்த மாற்றத்துக்கு முந்தைய ஈ கிளாஸில் எஸ்.பி.சி. என்ற மின்சாரப் பிரேக் இருக்கிறது. நீங்கள் பெடலை மிதிக்காவிட்டாலும் அது தானாகவே அழுத்தம் கொடுக்கும். கதவைத் திறந்தாலே விழித்துக்கொள்ளும். நீங்கள் கேலிப்பருக்குள் (பேடை அழுத்தும் கவ்வி) விரல் வைத்திருக்கும்போது வீட்டுப் பையன் காரில் தண்ணீர் பாட்டில் எடுக்கக் கதவைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பிஸ்டன் மூடும். விரல் போய்விடும். ஸ்கேனர் போட்டு முறைப்படி அதைத் தூங்க வைத்த பிறகே பேட் மாற்ற வேண்டும். வீடியோக்களில் ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்து காட்டுகிறார்கள். பிடுங்கியது சரியான பிளக்தானா என்பதை உங்கள் விரலை வைத்துச் சோதிக்காதீர்கள். 2004-இல் இந்தப் பிரேக்குக்காக 6,80,000 கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது, அவ்வளவு வில்லங்கம் பிடித்தது. இந்தப் பிரேக்கின் பம்ப், தான் எத்தனை முறை வேலை செய்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அளவு தாண்டியதும் சிவப்பில் எச்சரிக்கும். அந்தக் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கித் தருகிறேன் என்று ஒரு கூட்டம் அலைகிறது. தேய்ந்த பம்ப் அதனால் புதிதாகிவிடுமா? நீங்கள் வாங்குவதற்கு முன் யாராவது உங்கள் வண்டியில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று, கியர் பாக்ஸைச் சோதிக்கும்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆர்.சி. விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 20 வருடம் ஆன சொந்தக் காரை ஓட்டக்கூடாது என்று சட்டம் இல்லை. பத்து வருட டீசல் வண்டிக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துச் சங்கதி, அதை ஈரோட்டில் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார். 15 வருடம் முடிந்த காரைத் தகுதிச் சோதனை காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025-இல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். ஒழுங்காகப் பராமரிக்கிறவனுக்கும் புகை கக்குகிறவனுக்கும் ஒரே கட்டணம், வயதை மட்டும் பார்த்து. பணம் கட்டினாலும் ஒரு நாளில் முடிவதில்லை. ஒருமுறை போனால் ஆய்வாளர் இல்லை, அடுத்த முறை சர்வர் இல்லை. இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து, ஆன்லைனில் கட்டி, ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் வண்டியைக் காட்டுங்கள். ஆனால் கியர் கோளாறைச் சரிசெய்த பிறகு போங்கள். ஆய்வாளர் ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் நின்றால் நான் பொறுப்பில்லை.