துப்பாக்கிக்கு எதிராக நம் வட்டாரத்தில் என்ன செய்யலாம்? கேள்வி பதில்

பினாங்கிலும் கோலாலம்பூர் பக்கமும் இருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன், சிலர் எழுதியதில் வீட்டு விஷயம் நிறைய இருந்தது. என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பாகான் டாலாம்காரி, வட்டார அமைதிக் குழுக்களோடும் சாவு விழுந்த வீடுகளோடும் நெடுநாளாக வேலை செய்கிறவள், வக்கீல் கிடையாது. வழக்கு என்று வந்துவிட்டால் நான் சொன்னதை நம்பிப் போகாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

செந்தூல்: அக்கா, மலேசியாவில் துப்பாக்கி வைத்திருந்தாலே சிறை, சுட்டால் தூக்கு. அமெரிக்காவில் செய்கிற பிரச்சாரம் இங்கே எதற்கு?

பாதி சரி தம்பி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாதபடி செய்தது, 1971இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் கொள்ளை, கடத்தல் போன்ற குற்றங்களில் சுட்டவனுக்குக் கட்டாய மரண தண்டனை என்றது. 2023 ஜூலையிலிருந்து அந்தக் "கட்டாயம்" போய்விட்டது, தூக்கு அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் என்று நீதிபதி முடிவு செய்யலாம். ஆனால் இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தபோதுதான் 2013 வந்தது. அந்த வருஷம் ஜூலையில் வங்கி நிறுவனர் ஹுசேன் நஜாடி கோலாலம்பூர் நடுவில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார், அந்த வாரம் பேப்பரைத் திறந்தால் சுடப்பட்ட செய்திதான். ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது, உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்று கணக்கும் சொன்னது. நாட்டில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. அந்தக் கணக்கை வைத்து நம்மை இன்றைக்கும் குத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதற்காக அதை மறைத்துவிட்டு அமைதி பேச எனக்கு மனம் வரவில்லை.

இங்கே கும்பல் கையில் இருக்கும் துப்பாக்கி கடையில் வாங்கியது இல்லை, பெரும்பாலும் வடக்கே எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வருவது. அதனால் "கடையை மூடு" என்று இங்கே கத்திப் பயனில்லை. நமக்கு இருக்கிற வேலை அதற்கு முன்னால் இருக்கிறது: யார் கையில் அது போய்ச் சேருகிறது, அந்தக் கைக்கு 15 வயதில் என்ன நடந்தது, ஒருவன் செத்த பிறகு அடுத்தவன் சாகாமல் யார் பார்த்துக்கொள்வது.

ஜெலுத்தோங், ஓர் அம்மா: என் மகனுக்கு 15 வயது. மோட்டாரில் 08 என்ற கும்பல் நம்பர் ஸ்டிக்கர், போனில் நிஜம் போலவே இருக்கும் ஒரு பொம்மைத் துப்பாக்கியோடு போட்டோ. கேட்டால் "ஜெல் அடிக்கிறதும்மா, விளையாட்டு" என்கிறான்.

அம்மா, அந்த விளையாட்டுச் சாமானே வழக்கு. ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் நிஜம் போல இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆன்லைனில் விற்கிறார்களே என்று கேட்பான், விற்கிறார்கள்தான், பிடிபடும்போது விற்றவன் பக்கத்தில் நிற்க மாட்டான். இதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. ராத்திரி ரோட்டுத் தடுப்பில் மோட்டார் நிறுத்தாமல் போகிற பையனின் இடுப்பில் இருப்பது பொம்மையா நிஜமா என்று யாரும் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை.

ஸ்டிக்கரைக் கிழிப்பது சுலபம், கிழித்தால் நாளைக்கு வேறு இடத்தில் ஒட்டுவான். முதலில் அந்தப் போட்டோவை யார் எடுத்தது என்று கேளுங்கள், திட்டாமல். பெரும்பாலும் 20, 22 வயதில் ஓர் "அண்ணன்" இருப்பான், மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக் கொடுப்பான், மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பான், அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் "சாப்பிட்டியாடா" என்று கேட்கிற ஒரே ஆள் அவனாக இருப்பான். அந்த இடத்தை நிரப்ப ஆள் வேண்டும், அறிவுரை போதாது. தாய்மாமா, பந்து பயிற்சி கொடுப்பவர், உறுமி மேளக் குழுவில் ஒழுங்கான தலைவர் இருந்தால் அவர், யாரோ ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் அவனைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி செய்யுங்கள். பொம்மையைக் குப்பையில் போடாதீர்கள், இன்னொரு பிள்ளை எடுப்பான், உடைத்துப் போடுங்கள். போட்டோவை அவன் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

பழைய கிள்ளான் சாலை பக்கம், கோலாலம்பூர்: மெழுகுவர்த்தி பிடித்து நடப்பதால் ஏதாவது மாறியிருக்கிறதா, நேர்மையாகச் சொல்லுங்கள்.

மெழுகுவர்த்தியால் மட்டும் எங்கேயும் மாறியதாக நான் படித்ததில்லை. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சின்ன ஊர், 1996 மார்ச் 13, ஒருவன் தொடக்கப்பள்ளிக்குள் புகுந்து 16 பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அந்தக் கைத்துப்பாக்கிகளுக்கு அவனிடம் முறையான உரிமம் இருந்தது. அந்தப் பகுதித் தாய்மார்களும் நண்பர்களும் சேர்ந்து ஸ்னோடிராப் என்று ஒரு மனுவைத் தொடங்கினார்கள், மார்ச்சில் அங்கே பூத்திருந்த பூ அது. இணையம் பரவாத காலம், வாட்ஸ்அப் கிடையாது, கடைத்தெருவில் மேசை போட்டுக் காகிதத்தில் கையெழுத்து, 7 லட்சத்துக்கும் மேல் வந்தது. 1997க்குள் பிரிட்டனில் தனியார் கையில் கைத்துப்பாக்கி இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் தடை. முதலில் ஒரு கட்சி பெரிய ரகங்களை மட்டும் தடை செய்தது, தேர்தலில் ஆட்சி மாறியதும் அடுத்த கட்சி மிச்சத்தையும் தடை செய்தது, ஏனென்றால் பெற்றோர்கள் இரண்டு கட்சிக்காரர்களையும் விடவில்லை.

கவனிக்க வேண்டியது அவர்களுடைய கோரிக்கை. "வன்முறை ஒழிக" என்று எழுதவில்லை, "கைத்துப்பாக்கியைத் தடை செய்" என்று எழுதினார்கள். ஆம், இல்லை என்று எம்.பி. பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. நம் கூட்டங்களில் பதாகையைப் பார்த்தால் அமைதி, ஒற்றுமை, அன்பு என்று இருக்கும், அரசியல்வாதியும் வந்து சந்தோஷமாகப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார். அவருக்குச் சங்கடம் தராத பதாகையை அச்சடிக்கக் காசு செலவழிக்காதீர்கள்.

பட்டர்வொர்த்: எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பையன் சுடப்பட்டு இறந்தான். சவ ஊர்வலத்தில் கொடி, நம்பர் போட்ட டீ-சர்ட், மோட்டார் முறுக்கல். கோயில் நிர்வாகம் தலையிட வேண்டுமா? பயமாகவும் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்று ஒரு மருத்துவர், ஆப்பிரிக்காவில் காசநோய், காலரா, எய்ட்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், துப்பாக்கிச் சூடு நடந்த இடங்களை வரைபடத்தில் பார்த்தபோது தொற்றுநோய் பரவுகிற மாதிரியே இருக்கிறதே என்றார். ஒரு கொலை அடுத்த கொலையைப் பெறுகிறது. 2000இல் அவர் தொடங்கிய வேலை இன்றைக்கு கியூர் வயலன்ஸ் என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. முன்பு கும்பலில் இருந்து வெளியே வந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்து, சுடப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அவன் கூட்டாளிகளிடம் போய் உட்கார வைப்பது, "பதிலுக்குப் போகாதே" என்று சொல்ல வைப்பது. எல்லா ஊரிலும் ஒரே பலன் வரவில்லை, நல்ல ஆள் கிடைத்த இடத்தில் நன்றாக நடந்தது. போலீஸோ பாதிரியாரோ சொன்னால் கேட்காத பையன், தன்னைப் போலவே உள்ளே இருந்துவிட்டு வந்தவன் சொன்னால் கொஞ்சம் நிற்கிறான்.

நம் சாவு வீட்டுக்கு வருவோம். ராத்திரி கூடாரம் போட்டிருக்கும், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் ரோட்டோரம் மோட்டார்களைச் சாய்த்துக்கொண்டு பையன்கள், அங்கேதான் ஒரு பெயர் அடிபடும், "அவன்தான் பண்ணினான்" என்று. அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. விடிவதற்குள் அது தீர்ப்பாகிவிடும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் ஒருவர்கூட எழுந்து பின்னால் போக மாட்டார், பாருங்கள், அதுதான் நம்முடைய ஓட்டை.

கோயில் நிர்வாகம் தனியாகப் போய் நிற்க வேண்டாம், பகையாகிவிடும். கேட்க வேண்டியது குடும்பம், அதிலும் அம்மாவோ பாட்டியோ. கொடி வேண்டாம், அவன் படத்துக்குக் கீழே நம்பர் வேண்டாம், வீட்டிலிருந்து நேராகச் சுடுகாடு, எதிர்க் கும்பல் இருக்கிற தாமான் வழியாகச் சுற்றிப் போகக் கூடாது. "என் பிள்ளையை நம்பரா எரிக்க விடமாட்டேன்" என்று ஒரு தாய் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், அத்தனை முரட்டுப் பையன்களும் கொடியைச் சுருட்டினார்கள். நிர்வாகம் செய்யக்கூடியது வேறு: உறுமிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசலாம், ஐயரை நேரத்துக்கு வரச் சொல்லலாம், சாராயம் கூடாரத்துக்குள் வராமல் பார்க்கலாம்.

எரித்ததோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 16ஆம் நாள் காரியம், செத்தவனின் பிறந்தநாள், முதல் தீபாவளி, இந்த மூன்றிலும் அந்தப் பையன்கள் மறுபடி ஒன்றுகூடுவார்கள், குடிப்பார்கள், பழைய பெயர் மறுபடி எழும். அன்றைக்கு அங்கே ஒரு பெரிய மனுஷன் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம், அந்த ஆளைப் போலீஸுக்குத் துப்பு கொடுப்பவராக மாற்றிவிடாதீர்கள். ஒரு தடவை அப்படிப் பெயர் வாங்கினால் அவர் பேச்சு எடுபடாது, உயிருக்கும் ஆபத்து.

பூச்சோங்: போலீஸ் கொள்ளைக்காரனைச் சுட்டால் நல்லதுதானே? உங்களைப் போன்றவர்கள் அப்போது மட்டும் ஏன் கத்துகிறீர்கள்?

ஐயா, துப்பாக்கியால் செத்தவர் பட்டியலில் யார் சுட்டது என்று பார்த்து நான் பெயரை நீக்குவதில்லை. 2010இல் ஷா ஆலாமில் அக்காவின் காரை எடுத்துக்கொண்டு போன 14 வயதுப் பையன் போலீஸ் சூட்டில் இறந்தான். அவன் கொள்ளைக்காரன் இல்லை என்பது செத்த பிறகுதான் எல்லாருக்கும் புரிந்தது. சுட்டது சரியா தவறா என்று சுட்டவரின் துறையே விசாரித்துச் சொன்னால் நீங்கள் உங்கள் வியாபாரக் கணக்கில் அப்படி ஒப்புக்கொள்வீர்களா? 2005இல் அரச விசாரணை ஆணையமே போலீஸ் மீதான புகார்களுக்குச் சுதந்திரமான ஓர் ஆணையம் வேண்டும் என்றது, 2023 ஜூலையில்தான் ஐபிசிசி என்ற போலீஸ் நடத்தை ஆணையம் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அரச விசாரணை ஆணையம் கேட்ட அளவு பல்லோடு இல்லை. நான் கேட்பது உடலில் பொருத்தும் கேமரா, மரண விசாரணை, குடும்பத்துக்கு எழுத்தில் பதில். நேர்மையான போலீஸ்காரருக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஜார்ஜ் டவுன், மாணவி: எஸ்பிளனேடில் நினைவுக் கூட்டம் வைக்க பெர்மிட் வேண்டுமா?

பெர்மிட் என்று ஒன்று இல்லை தங்கச்சி, தகவல் கொடுப்பதுதான். 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி மாவட்ட போலீஸ் தலைவருக்கு 5 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், முன்பு 10 நாளாக இருந்தது. கொடுக்காவிட்டால் குற்றம் என்ற 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், ரோட்டில் வண்டியை ஒதுக்கிவிட ஆள் வருவார்கள். ஏற்பாட்டாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு ஆகவில்லை என்றால் விரிவுரையாளரையோ அம்மாவையோ போடுங்கள். 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களை அழைக்காதீர்கள், குடியுரிமை இல்லாதவர்களும் கலந்துகொள்ள முடியாது. பள்ளி, ஆஸ்பத்திரி, வழிபாட்டுத் தலம், பெட்ரோல் நிலையம் இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருங்கள். பிள்ளைகளும் வர வேண்டும் என்றால் கோயிலில் ஒரு பிரார்த்தனையாக வையுங்கள், சமயக் கூட்டத்துக்கு இந்தத் தகவல் விதி இல்லை.

அதே மாணவி: எல்லாரும் ஆரஞ்சு சட்டை போடலாமா?

சிகாகோவில் 2013இல் சுடப்பட்டு இறந்த ஒரு பள்ளி மாணவியின் தோழிகள் தொடங்கியது அது, வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் தவறிச் சுடாமலிருக்கப் போடுகிற நிறம். அழகான யோசனைதான். இங்கே அது லஞ்ச ஒழிப்பு ஆணையம் பிடித்தவர்களுக்குப் போட்டுவிடும் சட்டை, முப்பது பேர் அதில் நின்றால் ஆணையம் கூட்டி வந்ததா என்று கேட்பார்கள். வெள்ளை போடுங்கள்.

செபராங் ஜெயா: புருஷன் சுடப்பட்டு இறந்த பெண்ணுக்குப் பிரச்சாரம் சோறு போடுமா?

போட வேண்டும், போடாத பிரச்சாரத்தில் ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பெண் இருக்க மாட்டாள். மணிப்பூரில் பினாலட்சுமி நெப்ராம் தொடங்கிய துப்பாக்கியால் பாதிக்கப்பட்ட பெண்களின் அமைப்பு அப்படித்தான் வேலை செய்கிறது: தறி, சின்னக் கடன், வங்கிக் கணக்கு, அப்புறம்தான் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சு. இங்கே முதல் மாதத்தில் பார்க்க வேண்டியது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம். வேலையில் சந்தா கட்டியிருந்தால், தகுதிக் காலம் நிறைந்திருந்தால், இறப்பு வேலையிடத்தில் நடக்காவிட்டாலும் குடும்பத்துக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரலாம், சுடப்பட்டவர் என்பதால் கிடைக்காது என்று யாரோ சொல்லி விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு யாரை நியமித்திருக்கிறார் என்று பாருங்கள், பல வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பெயரே இருக்கும். இறப்புச் சான்றிதழ், போலீஸ் ரிப்போர்ட், கல்யாணப் பதிவு, மூன்றுக்கும் நிறைய நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வையுங்கள், ஒவ்வொரு அலுவலகமும் ஒன்று கேட்கும்.

பிறை: நண்பன் ஒரு பொட்டலம் கொடுத்து "ரெண்டு நாள் வச்சிரு" என்றான். கனமாக இருக்கிறது.

திறக்காதே, வீட்டுக்குள் வேறு இடத்துக்கு மாற்றாதே, அவனுக்குத் திருப்பிக் கொண்டுபோயும் கொடுக்காதே. சட்ட உதவி மையத்திலோ தெரிந்த வக்கீலிடமோ இன்றைக்கே பேசிவிட்டு, அவர் கூட இருக்கும்போது போலீஸுக்குச் சொல். யாரையும் பிடிக்க முடியவில்லை என்றால் 999. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் சும்மா வைத்திருப்பதற்கே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இதைப் படித்ததும் எனக்குத் தனியாக எழுது தம்பி, பதில் இன்றைக்கே வரும்.