அடித்தள அறையின் மேடுபள்ளமான சுவரை, கரணையே பிடித்துப் பழகாத நான் பூசலாமா?

பூசலாம். ஒரே ஒரு சுவர் என்றால் கொத்தனார்கள் 'அடுத்த வாரம் வரேன்' என்றே மூன்று மாதம் ஓட்டிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் இந்தக் கேள்விக்கு வந்திருப்பீர்கள். நான் கஞ்சத்தனத்தில் பூசினேன் என்று என் மைத்துனர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அடித்தளம் என்று யாரும் கட்டவில்லை. தாத்தா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்குகிறோம். சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை அனுப்பினார். எங்கள் தெருவுக்கு அந்தக் காகிதம் இன்னும் வந்து சேரவில்லை. சரி, அது வேறு புலம்பல்.

தெருப்பக்க அறையின் சுவர் பத்தடி நீளம், ஒன்பதடி உயரம். பழைய பூச்சு உப்புப் பூத்து, தொட்டாலே உதிர்ந்தது. தட்டி எடுத்தால் உள்ளே செங்கல் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. நடுவில் ஒன்றரை அங்குலப் பள்ளம். ஒரு மூட்டை சிமென்ட் போதும் என்று கணக்குப் போட்டு, ஒரே மூச்சில் பள்ளம் முழுவதையும் கலவையால் அப்பினேன். மதியம் பூச்சு வயிறு தள்ளியது. ராத்திரி 'பொத்'தென்று விழுந்தது. பூனை எதையோ உருட்டிவிட்டது என்று மனைவி எழுந்து போய்ப் பார்த்தாள்.

மறுநாள் அந்தப் பக்கமாகப் போன வயதான கொத்தனார் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, செவுத்துக்குத் தண்ணி காட்டுனீங்களா?" காட்டவில்லை. காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் சிமென்ட் எதைக் குடித்து இறுகும்?

அவர் சொன்னபடி செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, முந்தின நாளே சுவரை நன்றாக நனைத்தேன். மேலே ஆணி அடித்துத் தூக்குக்குண்டு (கயிற்றில் கட்டிய எடை) விட்டால் எந்த இடம் துருத்துகிறது என்று தெரிந்துவிடும். அந்த மேட்டுக்கு மேல் அரை அங்குலம் வருகிற மாதிரி, டைல்ஸ் துண்டுகளைக் கலவையில் ஒட்டி நான்கு மூலையிலும் அடையாளம் வைத்தேன். பள்ளத்தை ஒரே நாளில் நிரப்பாதீர்கள். ஒரு தடவைக்கு அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால். அது இறுகுமுன் ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, அடுத்ததை மறுநாள் போடுங்கள். ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவை. அரை மணி நேரத்துக்குள் தீர்கிற அளவே குழையுங்கள். அப்பக் கூடாது, கரணையால் வீசி அடிக்க வேண்டும். முதலில் சுவரைவிட என் காலில்தான் அதிகம் விழுந்தது. கடைசியில் அந்த டைல்ஸ் அடையாளங்களின் மட்டத்துக்கு மட்டக்கட்டையால் கீழிருந்து மேலாக இழுத்து, ஈரம் சற்று வாங்கியதும் மணியாசுக் கட்டையால் (கைப்பிடி வைத்த தட்டைப் பலகை) தேய்த்தேன். ஒரு வாரம் தண்ணீர் விட்டேன். மூட்டை மூன்று போனது.

ஆற்று மணலா எம்-சாண்டா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: பூச்சுக்கென்றே பி-சாண்ட் விற்கிறார்கள், அதைத்தான் வாங்கினேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு சிமென்ட் பூசக் கூடாது என்பதும் தெரியும். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். எங்களுடையது சிமென்ட் கட்டு.

உங்களுடையது நிஜமான அடித்தளம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் மண் இருக்கும். முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்தால், தண்ணீர் சுவர் வழியாகத்தான் வருகிறது. அதைத் தடுக்காமல் பூசுவது வீண். நான் இதைச் செய்யவில்லை. இப்போது தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மறுபடி உப்புப் பூத்திருக்கிறது. ரோட்டின் கைங்கரியம்.

மற்றபடி சுவர் நன்றாகவே நிற்கிறது. அதிலேயே மாட்டியிருந்த டியூப் லைட்டைப் போட்டால் மட்டும் வெளிச்சம் மேலிருந்து சரிந்து விழுந்து, ஒவ்வொரு அலையும் எடுப்பாகத் தெரிந்தது. லைட்டைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டேன். மைத்துனருக்கு அது இன்னும் தெரியாது.