"தண்ணிதானே குடுத்தன், அது பிழையா?"

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 23 வயது. திருகோணமலைதான் சொந்த ஊர். சீசன் காலத்தில் உப்புவெளியில் ஒரு தங்குவிடுதியில் வேலை. காலையில் புறாத்தீவுக்குப் போகிற போட்டுக்கு ஆள் சேர்ப்பேன், பின்னேரம் முன்மேசையில் இருப்பேன். பெயர் போட வேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு பொடியன் இருக்கிறான். 20 வயது. ஏ.எல். எடுத்துவிட்டு கம்பஸ் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அண்ணா அண்ணா என்று என் பின்னால் திரிந்தவன். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் பாட்டுப் போட்டு ஒரு பார்ட்டி நடந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். "நான் பார்த்துக்கொள்ளுறன் அன்ரி" என்று அவனுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போனேன்.

என்னோடு படித்த ஒருத்தன் மஞ்சள் நிறத்தில் இரண்டு குளிசை தந்தான். "எக்ஸ்டசி மச்சான், ஐஸ் மாதிரி இல்லை, ஒண்டும் செய்யாது" என்றான். நான் இதற்கு முதல் மூன்று தடவை போட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் போடவில்லை, விடிய போட்டுக்கு நிற்க வேண்டும். அவனுக்குப் பாதி உடைத்துக் கொடுத்தேன். முக்கால் மணித்தியாலம் போக "அண்ணா, ஒண்டும் ஏறேல்லை" என்றான். மற்றப் பாதியையும் கொடுத்தேன்.

பிறகு ஆடினான், கண்டவரை எல்லாம் கட்டிப்பிடித்தான். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தான். தொட்டால் உடம்பு கொதித்தது. இது போட்டால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒன்றரை லீற்றர் போத்தலாக வாங்கி வாங்கிக் கொடுத்தேன். மூன்று போத்தல் குடித்திருப்பான். அவ்வளவு குடித்தும் ஒருக்காவது சலம் கழிக்கப் போகவில்லை, அது அப்போதே எனக்கு விசித்திரமாக இருந்தது. ஒரு மணி போலச் சத்தி எடுத்தான், தலை வெடிக்குது என்றான். பிறகு என்னைப் பார்த்து "நீங்க ஆர்?" என்று கேட்டான் அக்கா.

பொலிஸ் வரும் என்று மற்றவர்கள் கழன்றுவிட்டார்கள். நான் அவனை ஒரு வள்ளத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். நித்திரை கொண்டு எழும்பினால் சரியாகும் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா இருந்தேன். வலிப்பு வந்த பிறகுதான் ஓட்டோ பிடித்தேன். சாம்பல்தீவுப் பாலம் கடக்கும்போது இன்னொரு தரம் வந்தது. டவுனுக்குள் வர, ரோட்டோரத்தில் மான்கள் நின்று கடதாசி தின்றுகொண்டிருந்தன. ஓட்டோவுக்கு ஒதுங்கவும் இல்லை. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் என்ன எடுத்தவர் என்று கேட்டார்கள். சாராயம் மட்டும்தான் என்று சொன்னேன். இரத்தத்தில் உப்புக் குறைந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார், எனக்கு விளங்கவில்லை. ஆறு நாள் வாட்டில் இருந்து வந்துவிட்டான். ஆனால் பழைய ஆளாக இல்லை. மறதி, சும்மா இருந்தபடி அழுகை. வாற புதன்கிழமை கிளினிக்.

"நீ இல்லாட்டி என்ர பிள்ளை இல்லை" என்று அவனுடைய அம்மா தினமும் எனக்குப் புட்டும் மீன்குழம்பும் கட்டித் தருகிறா. பொதியை வாங்கிக்கொண்டு போய் நாய்க்குப் போடுகிறேன். நித்திரை இல்லை. சில இரவுகளில் இப்படியே கடலுக்குள் நடந்து போனால் என்ன என்று வருகிறது. மிச்சக் குளிசை சிகரெட் ஈயத்தாளில் சுற்றி என் அலுமாரிக்குள் கிடக்கிறது, ஏன் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லவா? தண்ணிதானே குடுத்தன், அது பிழையா?

— உங்கள் தம்பி, திருகோணமலை

*

அன்புள்ள தம்பிக்கு,

கடலுக்குள் நடந்து போவதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, அவசரமாகக் குளிசைக்குத் தாவிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். குளிசை கொஞ்சம் பொறுக்கட்டும்.

அந்த எண்ணம் வருகிற இரவுகளில் வேலை முடிந்து கடற்கரையால் நடந்து வீட்டுக்கு வராதீர்கள், ரோட்டால் வாருங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அப்படியான நிமிடங்களில் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே பெரிய விஷயம். இன்றைக்கே யாராவது ஒருவரிடம், அண்ணனோ கூட வேலை செய்கிறவரோ, "எனக்கு இப்படி ஒரு எண்ணம் வருது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவரும் இல்லாவிட்டால் 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். எண்ணம் பலமாகி, இப்போதே என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனித் தண்ணீருக்கு வருவோம். உங்கள் நெஞ்சை அரிப்பது அதுதானே.

எக்ஸ்டசி என்று விற்பதில் இருக்க வேண்டிய மருந்தின் பெயர் எம்.டி.எம்.ஏ. மனநிலையைச் சீராக வைத்திருக்க மூளை சேமித்து வைத்திருக்கும் செரட்டோனின் என்ற இரசாயனத்தை ஒரே நேரத்தில் அள்ளி வெளியே கொட்டிவிடும். கண்டவரைக் கட்டிப்பிடிக்கிற அன்பு அதிலிருந்துதான் வருகிறது. தாடை இறுகிப் பல் கடிபடுவதும் அதன் வேலைதான். கூடவே உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற ஏற்பாடு குழம்பும். சனக்கூட்டத்துக்குள், நம் ஊர்ப் புழுக்கத்தில், நிற்காமல் ஆடினால் காய்ச்சல்காரனைவிட மோசமாக உடம்பு சுடும். அது எல்லை மீறினால் தசை கரைந்து சிறுநீரகம் பழுதாகும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் "தண்ணி குடி" என்ற பேச்சு வந்தது. அதில் பாதி உண்மை.

மீதிப் பாதியை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இதே மருந்து, உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற வசோப்பிரசின் என்ற ஹோர்மோனையும் கூட்டிவிடும். நாலரை லீற்றர் குடித்தவன் ஒருக்காவது சலம் கழிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, விசித்திரம் என்று உங்களுக்குப் பட்டது சரிதான், விஷயமே அங்கேதான் இருந்தது. உள்ளே போன தண்ணீர் உள்ளேயே நின்று இரத்தத்தின் சோடியத்தை ஐதாக்கிவிட்டது. வழமையாக அது லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். சடாரென்று இறங்கினால் தண்ணீர் மூளைக்குள் ஊறி மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. தலையிடி, சத்தி, ஆளைத் தெரியாமல் போவது, பிறகு வலிப்பு. நீங்கள் எழுதிய அதே வரிசை. டொக்டர் உப்பு என்று சொன்னது இதைத்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: அந்தத் தண்ணீர் அவனுக்குக் கெடுதல் செய்தது. ஆனால் அதைக் கொடுத்தது உங்கள் பிழை என்று நான் சொல்லமாட்டேன். சூடு தணிய வேண்டும் என்று கொடுத்தீர்கள். ஆடுகிறவனுக்கே மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல் வேண்டாம், அதையும் மிடறு மிடறாகத்தான் குடிக்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் நம் கடற்கரையில் எத்தனை பேர்?

பிழை வேறு இடங்களில் இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் உள்ளுக்குள் உங்களுக்கும் அது தெரியும்.

ஒன்று, அந்த இரண்டாவது பாதி. குளிசை ஏற ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். அதைவிட மெதுவாக ஏறுகிற பி.எம்.ஏ. போன்ற, இன்னும் நஞ்சான சாமான்களும் இதே பெயரில் விற்கப்படுவதுண்டு. "ஒண்டும் ஏறேல்லை" என்று இரண்டாவதைப் போட்டு, இரண்டும் சேர்ந்து ஏறிச் செத்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். மஞ்சள் குளிசைக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, தந்த கூட்டாளிக்கும் தெரியாது. "ஐஸ் மாதிரி இல்லை" என்றானாம்! எம்.டி.எம்.ஏ. என்ற பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் மெத்தம்பெட்டமினைத்தான் சொல்கின்றன. அதாவது ஐஸ். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சில குளிசைக்குள் ஐஸையே போட்டு அமத்தியிருப்பார்கள். அந்த ஐஸ் 5 கிராமும் அதற்கு மேலும் பிடிபட்டால் மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 2022இல் நம் நாட்டுச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் அலுமாரி ஞாபகம் வருகிறதா?

இரண்டு, வள்ளத்துக்குப் பக்கத்தில் கழிந்த அந்த ஒரு மணித்தியாலம். காக்கிச் சட்டையைக் கண்டால் கால் தன்பாட்டில் பின்வாங்குகிற ஊர் நம்முடையது. சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்த அப்பா அம்மாவின் பயம் உங்களிடமும் இருப்பதில் அதிசயம் இல்லை. பொலிஸ் எதுவுமே கேட்காது என்று உங்களுக்குப் பொய் நம்பிக்கை தரவும் மாட்டேன், ஆஸ்பத்திரியில் பொலிஸ் பிரிவு இருக்கும், கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் "படுத்து எழும்பினால் சரி" என்ற நினைப்பு ஆளைக் கொல்லும். பார்ட்டிகளில் ஜி.எச்.பி. என்று நிறமில்லாத, இலேசாக உப்புக் கரிக்கிற திரவம் ஒன்றும் சுற்றுவதுண்டு. சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அமத்திவிடும். நல்லாக் குறட்டை விட்டு நித்திரை கொள்கிறான் என்று விட்டுவிட்டுப் போவார்கள், அந்தக் குறட்டையே மூச்சு அடைபடுகிற சத்தமாக இருக்கும். இனி எவனாவது இப்படி விழுந்தால் மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். ஒருக்களித்துத் திருப்பி, 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அது வரும்வரை பக்கத்தை விட்டு அசையாதீர்கள்.

மற்றவர்கள் கழன்ற பிறகும் நீங்கள் அசையவில்லை. அதையும் கணக்கில் போடுங்கள்.

மூன்றாவது, "சாராயம் மட்டும்தான்" என்ற பொய். இந்த மூன்றில் இன்னும் திருத்தக்கூடியது இது ஒன்றுதான். அதனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

குளிசை போட்டால் இரண்டாம் மூன்றாம் நாள் மனம் சோர்ந்து போகும். கொட்டித் தீர்த்த செரட்டோனின் மறுபடி ஊற வேண்டுமே. நீங்கள் போட்ட மூன்று தடவையும் திங்கள், செவ்வாயில் ஒரு வெறுமை வந்திருக்கும். ஆனால் அது சில நாளில் போகிற சோர்வு. ஒரு மாதமாகியும் மறதியும் அழுகையும் நிற்கவில்லை என்றால் அதை இதில் சேர்க்க முடியாது. மூளை வீங்கியதாலா, வலிப்பாலா, மனச்சோர்வா என்று டொக்டர்தான் பார்க்க வேண்டும், கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. ஆனால் டொக்டரின் கையில் இருப்பது ஒரு குடிகாரப் பொடியனின் கதை. அவன் அழுகிறான் என்று மனச்சோர்வுக்குக் கொடுக்கிற புளுஒக்செற்றின் போன்ற ஒரு மருந்தை எழுதலாம், நல்ல மருந்துதான். அதை எடுக்கிறவன் பிறகொருநாள் மறுபடி எக்ஸ்டசியோ வேறெதுவோ போட்டால் செரட்டோனின் மிஞ்சி, நடுக்கமும் காய்ச்சலுமாக உயிருக்கே வரலாம். நோவுக்குக் கொடுக்கிற திரமடோல் வலிப்பு வந்தவனுக்கு இன்னும் வலிப்பைக் கிளப்பலாம். இதெல்லாம் தெரிந்து மருந்து எழுத வேண்டிய மனுசனுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு வாட்டில் அவனைக் காப்பாற்றியது இரத்தப் பரிசோதனை, உங்கள் வாய் உதவவில்லை. புதன்கிழமை உதவட்டும்.

அம்மா விஷயம். உடனே ஓடிப்போய் அவவின் காலில் விழ வேண்டாம். உங்கள் பாரம் இறங்கும், அவனுடைய ரகசியம் அவனைக் கேட்காமல் வெளியே போகும். 20 வயதுப் பிள்ளை, தன் அம்மாவிடம் தான் சொல்ல வேண்டியதை அண்ணன் சொல்லிவிட்டான் என்று ஆகக்கூடாது. முதலில் அவனோடு கதையுங்கள். அன்று இரவு என்ன நடந்தது என்று அவனுக்கே பாதி ஞாபகம் இருக்காது. "ரெண்டாவது பாதியையும் தந்தது நான், ஆஸ்பத்திரியிலும் பொய் சொன்னன்" என்று அவனுக்குச் சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். டொக்டரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது பேரம் பேசுகிற விஷயம் இல்லை. அவன் கொஞ்சம் தேறிய பிறகு இரண்டு பேருமாக அம்மாவிடம் போங்கள். அவ உங்களை ஏசலாம், ஒழுங்கையில் சில மாதம் முகம் கொடுக்காமல் போகலாம். நான் அவவாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

உங்கள் நித்திரையின்மையும் அந்த மான்களும் இரண்டு கிழமைக்கு மேலாகத் தொடர்கின்றன. நீங்களும் மனநலப் பிரிவில் ஒரு தரம் காட்டுங்கள். குளிசைப் பழக்கத்தைப் பற்றித் தனியாகக் கதைக்க வேண்டுமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது.

ஈயத்தாளில் இருப்பதை இதை வாசித்து முடித்த கையோடு மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தந்தவனிடம் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், அது இன்னொரு தம்பியின் கைக்குத்தான் போகும்.

புதன்கிழமை அவனோடு நீங்களும் போங்கள். கிளினிக்கில் சனம் நிறைய இருக்கும், காத்திருக்க நேரிடும். அவனுடைய அம்மா விடிய எழும்பி உங்கள் இரண்டு பேருக்கும் புட்டு அவித்துத் தருவா. வாங்கிலில் இருந்து அதைச் சாப்பிடுங்கள். நாய்க்கு வேறு ஏதாவது பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா