லினக்ஸில் யூடியூப் திக்காமல் ஓட எந்த பிரவுசர் நல்லது?

ஃபயர்ஃபாக்ஸில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது, வேறு பிரவுசருக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாறிப் பார்த்தவன். ஒரே வாரத்தில் குரோமியம், பிரேவ், விவால்டி, ஃபால்கன் என்று நாலு. ஒரு மாற்றமும் இல்லை. பின்னே, நாலுக்கும் உள்ளே ஓடுவது அதே குரோமியம் எஞ்சின்தானே, சட்டைதான் வேறு.

என்னுடையது கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளில் பழையதாக வாங்கிய லேப்டாப், இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ5 சிப், லினக்ஸ் மின்ட். தைப்பூசம் முடிந்த மறுநாள் அப்பா அதில் பத்துமலை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். உறுமி மேளம் ஒழுங்காகக் கேட்கிறது, காவடி எடுத்தவர் மட்டும் 272 படியையும் தாவித் தாவி ஏறுகிறார், லேப்டாப் விசிறி வேறு அரிசி ஆலை மாதிரி இரைகிறது. "என்னடா, லைன் சரியில்லையா?" என்றார். நானும் அதை நம்பி மோடத்தை நாலு தடவை அணைத்துப் போட்டேன்!

லைனா மெஷினா என்று பார்க்க, வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள். எனக்கு பஃபர், அதாவது முன்கூட்டியே இறங்கிய வீடியோ, 40 வினாடிக்கு மேல் நிரம்பியிருந்தது, ஆனால் டிராப் ஆன, அதாவது காட்டாமல் விட்ட ஃப்ரேம் எண்ணிக்கை டாக்சி மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது. அப்போ லைன் மேல் குற்றமில்லை. கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வரியில் விபி9 என்று இருந்தது, விஷயமே அங்கேதான். விபி9-ஐ விரித்துப் படமாக்கும் (டிகோடிங்) வசதி என் சிப்பில் கிடையாது, பழைய கோடெக்கான எச்.264-க்கு உண்டு, அதனால் மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழுகிறது. இன்டெல்லில் விபி9 முழுசாக வந்தது ஏழாம் தலைமுறையில், அதைவிடப் புதிய கோடெக்கான ஏவி1 பதினொன்றில்.

சரி, செய்தது இவ்வளவுதான். 'எச்264இஃபை' (h264ify) என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டேன், யூடியூப் எச்.264 அனுப்ப ஆரம்பித்தது. அப்புறம் டெர்மினலில், சிப் எந்தக் கோடெக்கை டிகோட் செய்யும் என்று காட்டும் 'விஏஇன்ஃபோ' (vainfo) ஓட்டினால் எரர், அதற்கான டிரைவரே இல்லை. ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புக்குப் பழைய ஐ965 டிரைவர்தான் வேண்டும், அதைப் போட்டதும் ஃபயர்ஃபாக்ஸே போதுமானதாகிவிட்டது. 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து இன்டெல்லுக்கு சிப்பையே வைத்துச் செய்யும் இந்த வன்பொருள் டிகோடிங் தானாகவே ஆனில் இருக்கிறது, ஏஎம்டிக்கு 2025-இல் 136-இல்தான் வந்தது. என்விடியா என்றால் அது தனித் தலைவலி. விசிறிச் சத்தம் அடங்கியதும் அப்பா "ஆஃப் ஆயிடுச்சா?" என்று திரையைத் தட்டிப் பார்த்தார்.

ஒரு குறை உண்டு, யூடியூபில் எச்.264 என்றால் 1080பி-யோடு நின்றுவிடும். 14 இஞ்ச் திரைக்கு அதற்கு மேல் எதற்கு? உங்கள் சிப் எது என்று கேள்வியில் எழுதவில்லையே, இன்டெல்லில் ஏழாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் எக்ஸ்டென்ஷன் வேண்டாம், முதலில் விஏஇன்ஃபோ ஓட்டிவிட்டு வாருங்கள்.