மோதகத்தை முதல் நாளே அவிக்கலாமா?

கேள்வி: ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு 51 மோதகம் நேர்ந்திருக்கிறேன். போன வருடம் முதல் நாள் இரவே அவித்து வைத்தேன். விடியப் பார்த்தால் பாதி வெடித்து, உள்ளுடன் (உள்ளே வைக்கும் பூரணம்) புளித்துவிட்டது. இந்த முறை பக்கெற் மோதக மா வாங்கட்டுமா?
– வாசகி, உப்புவெளி

தங்கச்சி, மாவில் பிழையில்லை. கெடுத்தது உள்ளுடன்தான். பச்சைத் தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் பயற்றோடு அப்படியே பிசைந்திருப்பீர்கள். சர்க்கரை தேங்காயின் தண்ணீரை இழுத்துவிடும். அவிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகித் தோலை வெடிக்க வைக்கும். மிஞ்சியது இரவு வெக்கையில் புளிக்கும். சர்க்கரையைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடித்து, பாகு காய்ச்சுங்கள். வறுத்து அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் போட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். உருட்டினால் விரலில் ஈரம் படக்கூடாது. ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். முதல் நாள் வேலை அவ்வளவுதான்.

விடியற்காலையில் வறுத்த அரிசி மாவுக்குத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் விட்டுக் குழையுங்கள். சூடு குறைந்தால் மா வேகாது, பிளக்கும். ஆவணியில் நம் பக்கம் கச்சான் என்கிற வறண்ட காற்று வேறு. குழைத்த மாவை ஈரத்துணியால் மூடாவிட்டால் பத்து நிமிடத்தில் தோல் காய்ந்துவிடும்.

பொரித்த மோதகம் மட்டும் முதல் நாளே செய்யலாம். அதற்கும் தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்திருக்க வேண்டும். பச்சைத் தேங்காய் போட்டுப் பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே அதே புளிப்பு. பொரித்ததைச் சூட்டோடு மூடி வைத்தாலும் வியர்த்துக் கெட்டுவிடும். ஆறிய பிறகே மூடுங்கள். அவித்ததற்கு இந்தச் சலுகை கிடையாது.

பக்கெற் மாவை வாங்கினால் பின்பக்கத்தைப் பாருங்கள். கோதுமை மா கலந்ததையும் ‘மோதக மா’ என்றே விற்கிறார்கள். சர்க்கரையை உடைத்துப் பாருங்கள். சீனி மணி மினுங்கினால் வேண்டாம். ‘படையல் ஓடர் எடுக்கிறோம்’ என்று வருகிற இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள். ஒருவரை நம்பி நானும் வாங்கினேன். முந்தின நாள் அவித்ததை மறுபடி ஆவியில் சூடாக்கித் தந்திருந்தார். பிட்டால் நூல் விட்டது. சுவாமிக்கு வைக்கிற பண்டத்தில் இதைச் செய்ய எப்படி மனம் வருகிறதோ! முறைப்பாடு சொல்லப் போனால் பற்றுச்சீட்டு கேட்கிறார்கள். வாசலில் கைமாறும் மோதகத்துக்கு யார் பற்றுச்சீட்டு தருவார்கள்?

51 என்று மலைக்காதீர்கள். உள்ளுடன் தயாராக இருந்தால், இரண்டு பேர் நாலரைக்கு எழும்பினால் ஏழு மணிக்கு முன் சூட்டோடு படைக்கலாம்.