இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாயால் பேசி வாங்கிய காணிக்கு நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியுமா?

உங்கள் நிலைமை இது: கந்தப்பளைப் பக்கத்தில் 12 பேர்ச் காணியைத் தருவதாகச் சித்தப்பா சொன்னார். மூன்று தடவையாகப் பணம் கொடுத்தீர்கள். தோட்டத் தலைவரும் கோவில் பூசாரியும் கூட இருந்தார்கள். இப்போது உறுதி, அதாவது காணியை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதித் தர மறுக்கிறார். இரண்டு சாட்சிகள் இருப்பதால் வழக்குப் போட்டால் காணி கிடைக்கும் என்று நம்புகிறீர்கள்.

காணி கிடைக்காது. பணம் கிடைக்கலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது.

நான் சட்டத்தரணி அல்ல. நுவரெலியாவில், காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் ஒரு நொத்தாரிசிடம் 11 வருடங்கள் எழுதுவினைஞராக வேலை செய்தேன். உங்களைப் போல எத்தனையோ பேர் சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்கு வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறி விழுகிறார்கள். சாட்சி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இங்கே குறை சாட்சியில் இல்லை.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவின்படி, காணியை விற்பதும் ஈடு வைப்பதும் மட்டுமல்ல, விற்பதாக வாக்குக் கொடுப்பதும்கூட எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கும்போது காணி தருபவர் கையெழுத்திட வேண்டும். அப்படிச் செய்யாத பேச்சுக்குச் சட்டத்தில் வலுவே கிடையாது. ஊரே திரண்டு வந்து சாட்சி சொன்னாலும், பேச்சு நடந்தது என்பதுதான் உறுதியாகும். அந்தப் பேச்சுக்கு வலு வந்துவிடாது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன், குடியேறியும் விட்டேன் என்பதாலும் வராது. முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கிய வெள்ளைத்தாளும் காணிக்கு உதவாது. ஆனால் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். பணம் கைமாறியதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

என் அப்பா வெலிமடைப் பக்கத்தில் இப்படித்தான் ஒரு துண்டுக் காணி வாங்கினார். சரிவில் கல் அடுக்கி, படி வெட்டி, உருளைக்கிழங்கு போட்டார். விற்றவர் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் காணி எங்களுடையது என்றார்கள். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிப் போய், அன்று கூட இருந்தவர்களைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் எழுதி வாங்கினார். அந்தக் காகிதக் கட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவற்றைச் சேர்த்து முடிப்பதற்குள் பணத்தைக் கேட்பதற்கான காலமும் முடிந்துவிட்டது. அந்தக் காணியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் காலம் மூன்று வருடங்கள். எழுத்தில் இல்லாத உடன்பாடுகளுக்கும், ஒருவர் கையில் இருக்கும் உங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வைத்திருக்கும் எல்லை அது. வாக்கு செல்லாது என்பதற்காகச் சித்தப்பா உங்கள் பணத்தைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. உறுதி தருவார் என்று நம்பி, அவர் அனுமதியோடு அங்கே சுவர் எழுப்பியிருந்தால் அந்தச் செலவுக்கும் நட்டஈடு கேட்க வழி உண்டு. உங்கள் சாட்சிகள் இங்கேதான் பயன்படுவார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலைமையும் மலையகத்தில் அடிக்கடி வருகிறது. நீங்கள் கடன் வாங்கும்போது, கடன் கொடுப்பவர்கள் "பணத்தைக் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று வாயால் சொல்லி, காணியை விற்பனை உறுதியாகவே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு தர மறுக்கிறார்கள். இந்த இடத்தில் நீதிமன்றம் கதவை அடைத்துவிடவில்லை. மோசடியைத் தடுக்க வந்த சட்டத்தையே மோசடிக்குக் கருவியாக்க முடியாது என்பதை வள்ளியம்மை ஆச்சி வழக்கில் 1947இல், அன்று இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. உறுதியில் எழுதிய விலை காணியின் பெறுமதியைவிட மிகக் குறைவாக இருந்ததா, எழுதிக்கொடுத்த பிறகும் நீங்களே அங்கே குடியிருந்தீர்களா என்பதையெல்லாம் பார்த்து, ஒருவர் பெயரில் இருக்கும் சொத்தை இன்னொருவருக்காக வைத்திருப்பது பற்றிய 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கிறார்கள். உங்கள் விடயம் அதுவல்ல. உங்களுக்கு உறுதியே எழுதப்படவில்லை.

வாய்ப்பேச்சு எல்லாமே வீண் என்றும் எண்ணிவிடாதீர்கள். மாத வாடகைக்குக் கடை எடுக்க எழுத்துத் தேவையில்லை; ஐந்து வருடக் குத்தகைக்குத் தேவை. லீக்ஸையும் கரட்டையும் வியாபாரி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால், பில் இல்லாவிட்டாலும் விலையைக் கேட்கலாம். ஆனால் விற்ற பொருளுக்கும் செய்த வேலையின் கூலிக்கும் ஒரே ஒரு வருடம்தான். "அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று அடுத்தவர் கடனுக்குப் பிணை நின்றவரை, அவர் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் பிடிக்க முடியாது. அதற்கு நொத்தாரிசு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 12 பேர்ச் தோட்டக் காணியாக இருந்தால், அது சித்தப்பா விற்கக்கூடிய காணியே அல்ல. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் காணியின் உரிமை அரசிடமே இருந்தது.

அவர் மறுத்த தேதியையும், பணம் கொடுத்த மூன்று தேதிகளையும் இன்றே எழுதி வையுங்கள். வருமானம் குறைவு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். அங்கே கட்டணமில்லாமல் கோரிக்கைக் கடிதம் எழுதித் தருவார்கள். தொகை, இரு தரப்பையும் கூட்டிச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் இருந்தால் வழக்குக்கு முன் அங்கே போக வேண்டியிருக்கும். அங்கே சித்தப்பா மனம் மாறி உறுதி எழுதச் சம்மதித்தால், நாளைக்கு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே நொத்தாரிசிடம் அழைத்துச் செல்லுங்கள்.